‘பழக்கு’ என்னும் வினைச்சொல்: நாய்ப் பயிற்சியின் மூன்று பிறப்பிடங்கள்

இந்திய நகரம் ஒன்றில் நாய்க்குட்டி வாங்கிய குடும்பம், அதற்குப் பயிற்சி அளிக்க ஆள் தேடத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்படுவன சொற்களே. ‘முன்னாள் ராணுவப் பயிற்சியாளர்’ என்று ஓர் அறிவிப்பு சொல்லும். ‘உங்கள் நாய்க்கு நீங்களே ஆல்ஃபா ஆகுங்கள்’ என்று மற்றொன்று அழைக்கும். ‘அடியில்லை, பாராட்டு மட்டுமே’ என்று மூன்றாவது வாக்களிக்கும். குடும்பத்தார் கட்டணத்தையும் தூரத்தையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். அந்தத் தேர்வோடு, நாய் எத்தகைய உயிர் என்பதைப் பற்றிய ஒரு கொள்கையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மூன்று கொள்கைகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. ஒன்று காவல்துறைப் பாசறையில் தோன்றியது. மற்றொன்று ஒரு விலங்குக் காட்சிச்சாலையின் வேலிக்குள் உருவாயிற்று. மூன்றாவது உளவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பிறந்த இடத்தின் வாடை அவற்றின் கலைச்சொற்களை விட்டு இன்றும் நீங்கவில்லை.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். ‘டிரெயின்’ என்னும் ஆங்கில வினை, பழைய பிரெஞ்சில் ‘இழுத்துச் செல்’ எனப் பொருள்பட்ட சொல்லின் வழிவந்தது. பெட்டிகளை இழுத்துச் செல்லும் தொடர்வண்டிக்கும் அதே பெயர் அமைந்தது அதனால்தான். ஜெர்மன் மொழியில் நாய்ப் பயிற்சிக்கு நெடுங்காலம் வழங்கிய ‘அப்ரிஷ்டன்’ என்னும் வினைக்குள், நேராக்குதல், நிமிர்த்துதல் எனப் பொருள்படும் ‘ரிஷ்டன்’ இருக்கிறது. கோணலாக இருப்பதை நேராக்குவது என்பதே அங்குக் கருத்து. இந்தியில் வழங்கும் ‘சதானா’ என்பது, கைகூடு எனப் பொருள்படும் ‘சத்னா’ என்னும் தன்வினையின் பிறவினை வடிவம். தமிழின் ‘பழக்கு’ என்பதும் பிறவினையே. அதன் தன்வினை ‘பழகு’. இந்த இணையில் ஒரு நுட்பம் உண்டு. ‘அவன் நாயோடு பழகினான்’ என்றாலும் ‘நாய் அவனோடு பழகியது’ என்றாலும் வினை ஒன்றே. மனிதனுக்கு ஒரு வினை, நாய்க்கு வேறொரு வினை என்ற பிரிவு அங்கு இல்லை. சொற்பிறப்பு ஒரு சமூகத்தின் நடைமுறைக்குச் சான்றாகிவிடாது. தமிழ் பேசுவோர் நாயை அடிக்கவில்லை என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும் பின்வரும் வரலாற்றைப் படிக்கையில் இந்த நான்கு வினைகளையும் மனத்தில் வைத்துக்கொள்வது பயன்தரும்.

பாசறை மரபின் மூலநூல் கொன்ராட் மோஸ்ட் எழுதியது. அவர் சார்புருக்கன் நகரில் பிரஷ்யக் காவல்துறையின் அதிகாரி. 1906-இல் காவல் நாய்களைப் பயிற்றத் தொடங்கினார். அவருடைய நாய்ப் பயிற்சிக் கையேடு 1910-இல் வெளியாயிற்று. அதன் ஜெர்மன் தலைப்பிலேயே மேற்சொன்ன ‘நேராக்குதல்’ இடம்பெற்றிருக்கிறது. மோஸ்ட்டை வெறும் முரடர் என்று இன்று ஒதுக்குவோர் உளர். அது நியாயமான மதிப்பீடு ஆகாது. நாய்க்கு மனித மொழி விளங்கும், அது அறம் அறிந்து நடக்கும் என்ற அக்காலத்து நம்பிக்கையை அவர் தயக்கமின்றி மறுத்தார். சொல் என்பது நாயைப் பொறுத்தவரை ஓர் ஒலிக்குறிப்பு மட்டுமே என்றும், ஒரு செயலின் விளைவு உடனுக்குடன் வந்தால்தான் நாய் இரண்டையும் தொடர்புபடுத்தும் என்றும் விளக்கினார். ஸ்கின்னரின் முதல் நூல் வெளிவருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் சாரத்தில் ஒரு பகுதியைக் களத்தில் கண்டுகொண்டவர் அவர். அவர் கண்ட விளைவுகளில் வெகுமதியும் இருந்தது. கழுத்தில் சுண்டும் வாரும், முள் பட்டையும், பிரம்பும் இருந்தன. நாயிடம் அவர் எதிர்பார்த்தது காவல் பணி. தயங்கும் நாயை அங்கு விலக்கிவிடலாம். வீட்டு நாயை அவ்வாறு விலக்க முடியாது என்பது அந்தக் கையேட்டின் கவலைக்குள் வராத செய்தி.

அமெரிக்காவில் இப்போக்கை வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் கேலர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ நாய்களைப் பயிற்றியவர். பின்னர் டிஸ்னி திரைப்படங்களுக்கு நாய்களைத் தயார்செய்தவர். 1962-இல் வந்த அவருடைய நூல் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது.

இந்தியாவில் நிறுவன வடிவிலான நாய்ப் பயிற்சி என்றாலே சீருடைதான். ராணுவத்தின் கால்நடைப் படைப்பிரிவு மீரட்டில் 1950-களின் இறுதியில் நாய்ப்பிரிவைத் தொடங்கியது. குவாலியருக்கு அருகே தேக்கன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிக் கழகத்தில், 1970-இல் நாய்களுக்கான தேசியப் பயிற்சி மையம் அமைந்தது. மாநிலக் காவல்துறைகளின் துப்பறியும் பிரிவுகளுக்கு இத்தகைய மையங்களே ஊற்று. ஓய்வுபெற்ற கையாளுநர்கள் பலர் நகரங்களில் தனியார் பயிற்சியாளர்கள் ஆயினர். ‘முன்னாள் ராணுவம்’ என்னும் அடைமொழிக்கு இருக்கும் மதிப்பு இவ்வழி வந்தது. அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. இம்மையங்களில் நாய் தனியே பயிற்சி பெறுவதில்லை. அதனோடு பணியாற்றப்போகும் கையாளுநரும் மாதக்கணக்கில் உடன் இருந்து கற்கிறார். இருவரும் ஓர் இணையாகவே வெளியேறுகின்றனர். நகரத்துத் தனியார் கொட்டில்கள் அந்தப் பாசறையின் கட்டளைகளை எடுத்துக்கொண்டன, கழுத்துச் சங்கிலியை எடுத்துக்கொண்டன, கையாளுநரை மட்டும் விட்டுவிட்டன. உரிமையாளர் நாயைச் சில வாரங்களுக்குக் கொட்டிலில் ஒப்படைக்கிறார், பணம் கட்டுகிறார், ‘பயிற்சி முடிந்த’ நாயைத் திரும்பப் பெறுகிறார். கொட்டிலில் பயிற்சியாளரின் குரலுக்கு உடனே அமர்ந்த நாய், வீட்டில் அமர மறுக்கிறது. குறை நாயின்மேல் சுமத்தப்படுகிறது. பயிற்சி என்பது நாய்க்குள் ஊற்றி வைக்கப்படும் ஒரு பொருள் என்ற எண்ணம் பாசறையிலேயே இல்லாதது. அது சந்தையில் உருவானது.

பாசறையிலிருந்து கிளைத்த மற்றொரு மரபையும் இங்குக் குறிப்பிட வேண்டும். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் 1916-இல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் நாய்களை வளர்த்துப் பயிற்றிய டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இத்தகைய ஜெர்மன் பள்ளி ஒன்றைக் கண்டு 1927-இல் எழுதிய கட்டுரையின் பயனாக, மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று ‘பட்டி’ என்ற நாயுடன் 1928-இல் அமெரிக்கா திரும்பினார். வழிகாட்டி நாய்க்குக் கற்பிக்கப்படுவனவற்றுள் தலையாயது, ஆணையை மறுப்பது. உரிமையாளர் ‘முன்னே போ’ என்கிறார். எதிரே வண்டி வருகிறது. நாய் நின்றுவிட வேண்டும். கீழ்ப்படிதலே பயிற்சியின் இலக்கணம் என்று கொள்வோர் விடைசொல்ல வேண்டிய விதிவிலக்கு இது. தண்டனைக்கு அஞ்சி நடக்கும் நாயிடம் இந்த மறுப்பை எதிர்பார்ப்பது கடினம்.

இரண்டாவது பிறப்பிடம் பாசல் நகரின் விலங்குக் காட்சிச்சாலை. ரூடல்ஃப் ஷெங்கல் என்னும் சுவிஸ் ஆய்வாளர் அங்கிருந்த ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1947-இல் ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஓநாயின் முகக்குறிப்பு, வால் நிலை, செவி நிலை ஆகியவை பற்றிய அதன் விவரிப்புகள் இன்றும் மதிக்கத்தக்கவை. அவர் கண்ட ஓநாய்கள் இடைவிடாமல் ஒன்றையொன்று அச்சுறுத்திக்கொண்டிருந்தன. ஆண்களுள் ஒன்றும் பெண்களுள் ஒன்றும் தம் இனத்தாரை அடக்கி முதலிடத்தைக் காத்துக்கொண்டன. அந்த முதலிடத்துக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தை அவர் பெயராக்கினார். கோழிகளிடையே ‘கொத்து வரிசை’ உண்டென்று நார்வே நாட்டு ஷெல்டெரப்-எபே 1920-களில் காட்டியிருந்தார். வரிசைப்படுத்திப் பார்ப்பது அக்கால விலங்கியலின் விருப்பமாக இருந்தது.

ஷெங்கலின் ஓநாய்கள் எங்கே வாழ்ந்தன என்பதுதான் கேள்வி. சுமார் 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட அடைப்பில் பத்து ஓநாய்கள் வரை இருந்தன. காட்டில் வளர்ந்த ஓநாய்க்குட்டி வயது வந்ததும் பெற்றோரை விட்டு நீங்கித் தனக்கென ஓரிடமும் துணையும் தேடிப் போகும். அடைப்புக்குள் நீங்கிப் போக வழியில்லை. போக முடியாதவற்றின் பூசலைக் கண்டு, அதுவே ஓநாய்ச் சமூகத்தின் சட்டம் என்று பின்வந்தோர் எழுதினர். சிறைக்கூடத்தைக் கண்டு குடும்ப அமைப்பை விளக்கியது போன்றது அது.

அவ்வாறு எழுதியோருள் ஒருவர் டேவிட் மெக். வட அமெரிக்க ஓநாய் ஆய்வின் முதன்மை அறிஞர். 1970-இல் வெளியான அவருடைய பெருநூல் ‘ஆல்ஃபா’ என்னும் சொல்லைப் பொதுமக்கள் வரை கொண்டுசென்றது. பின்னர், 1986 முதல், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்க் குடும்பம் ஒன்றை அவர் கோடைதோறும் மிக அருகிலிருந்து கவனித்தார். அங்கு முதலிடத்துக்கான போரைக் காணவில்லை. தாயும் தந்தையும் முன்னே சென்றனர், பிள்ளைகள் பின்தொடர்ந்தன. 1999-இல் கனடிய விலங்கியல் இதழில் எழுதிய கட்டுரையில், இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்றும், மனிதப் பெற்றோரை ‘ஆல்ஃபா’ என்று அழைப்பதில் எவ்வளவு பொருள் உண்டோ அவ்வளவுதான் ஓநாய்ப் பெற்றோரை அவ்வாறு அழைப்பதிலும் உண்டு என்றும் வாதிட்டார். பழைய நூலின் அச்சை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டார். 2022-இல்தான் அது நின்றது. தம் சொல்லைத் தாமே திரும்பப் பெற முயன்று, அதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்த அறிஞர் அவர். சொல்லோ அவரை விட்டுப் பிரிந்து எப்போதோ தன்வழி போய்விட்டது.

அது போன இடங்களுள் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் மடாலயம். ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துவந்த நியூ ஸ்கீட் துறவியர் 1978-இல் வெளியிட்ட நூல், அடங்காத நாயைப் புரட்டிப்போட்டு மல்லாத்திப் பிடிக்கும் முறையைப் பரிந்துரைத்தது. 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் அப்பரிந்துரையைத் துறவியரே விலக்கிக்கொண்டனர். இரண்டே ஆண்டுகளில், 2004-இல், சீசர் மில்லனின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, ‘கூட்டத் தலைவன்’ என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பியது. இந்திய வீடுகளுக்கும் அது செயற்கைக்கோள் வழி வந்தது. நாயும் ஓநாயும் பிரிந்து 14 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன என்பதோ, ஓநாயைப் பற்றிய அந்தச் செய்தியே பிழை என்பதோ ஒளிபரப்பின் வேகத்தைக் குறைக்கவில்லை.

இதில் பந்தயமாக வைக்கப்படுவது ஒரு கலைச்சொல்லின் கௌரவம் மட்டுமானால் விட்டுவிடலாம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கலுக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் ஹெரான் முதலியோர் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. 140 பேர் விடையளித்தனர். அடித்தல், உதைத்தல், மல்லாத்திப் பிடித்தல், முறைத்துப் பார்த்தல் ஆகிய ஒவ்வொன்றும், அம்முறை கையாளப்பட்ட நாய்களுள் குறைந்தது நான்கில் ஒரு பங்கிடம் சீற்றத்தைக் கிளப்பியிருந்தது. அடியும் உதையும் பத்தில் நான்குக்கு மேற்பட்டவற்றிடம் கிளப்பின. ஏற்கெனவே சிக்கல் உள்ள நாய்கள் இவை, உரிமையாளர் தாமே கூறிய தகவல் இது என்னும் வரம்புகள் ஆய்வுக்கு உண்டு. ஆனால் ‘ஆல்ஃபா’ முறையை நாடுவோரும் சிக்கல் உள்ள நாயை வைத்திருப்போரே அல்லவா? குழந்தைகள் உள்ள வீட்டில், ரேபிஸ் நோய் நீங்காத நாட்டில், கடியின் வாய்ப்பைக் கூட்டும் பயிற்சிமுறை வீட்டுக்குள் முடங்கும் செய்தியாகாது. இந்த மல்லாத்தலை எதிர்கொள்ளும் நாய் உறுமுவதை நிறுத்திவிடுவதும் உண்டு. உறுமல் எச்சரிக்கை என்பதால், அடக்கப்பட்டது எச்சரிக்கை மட்டுமே.

மூன்றாவது மரபுக்குப் பிறப்பிடமான ஆய்வுக்கூடம் ஸ்கின்னருடையது. எலியும் புறாவுமே அவருடைய மாணவர்கள். 1951-இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதுகையில், குழந்தைகள் ‘டக் டக்’ என்று ஒலித்து விளையாடும் சிறு தகரப் பொம்மையை அவர் பரிந்துரைத்தார். விரும்பிய செயல் நிகழும் கணத்தில் ஒலி. ஒலியைத் தொடர்ந்து உணவு. ஒலி அக்கணத்தைக் குறித்துவிடுவதால், உணவு சற்றுத் தாமதித்தாலும் நாய்க்குக் குழப்பம் இல்லை. இன்று ‘கிளிக்கர்’ எனப்படுவதன் வேர் இது.

இதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தொழிலாக்கியவர்கள் கெல்லர் பிரிலண்டும் மரியன் பிரிலண்டும். மினசோட்டாவில் ஸ்கின்னரிடம் பயின்ற இத்தம்பதியர், படிப்பைப் பாதியில் விட்டு, விலங்குகளைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றை 1940-களில் தொடங்கினர். பியானோ தட்டும் கோழியும், உண்டியலில் காசு போடும் பன்றியும் அவர்களின் விளம்பரப் பொருள்கள். 38 இனங்களைச் சேர்ந்த 6,000-க்கு மேற்பட்ட விலங்குகளைப் பயிற்றிய பின், 1961-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, ஆசிரியரின் புகழ்பெற்ற நூல்தலைப்பையே குறும்பாகத் திரித்து, உயிரிகளின் ‘தவறான நடத்தை’ எனத் தலைப்பிடப்பட்டது. காசை உண்டியலில் போடக் கற்ற பன்றி, சில வாரங்களில் காசைத் தரையில் போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ராக்கூன் இரண்டு காசுகளையும் விடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தது. அவ்வாறு செய்தால் உணவு தாமதமாகும், ஆயினும் செய்தன. இரை தேடும் இயல்பு, கற்ற பாடத்தை மேவிவிட்டது. வெகுமதியால் எவ்வுயிரையும் எதுவாகவும் வனையலாம் என்னும் நம்பிக்கைக்கு, அந்த நம்பிக்கையின் மிகச்சிறந்த கைவினைஞர்களே எழுதிய மறுப்பு இது.

பரிசுவழிப் பயிற்சியை ஆதரிப்போர் இக்கட்டுரையை அரிதாகவே குறிப்பிடுகின்றனர். குறிப்பிட வேண்டும். முதோல் வேட்டைநாய் நெடுந்தொலைவில் அசைவதைக் கண்டு ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம், சிப்பிப்பாறையும் அவ்வாறே. கர்நாடகத்தின் திம்மாபூரிலிருந்து முதோல் நாய்கள் 2016-இல் மீரட்டுக்குப் பயிற்சிக்குச் சென்றன என்பது பெருமைக்குரிய செய்தியாக நாளிதழ்களில் வந்தது. லாப்ரடாருக்கென வகுத்த பாடத்திட்டத்தை ஓட்டநாய் அப்படியே ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், பன்றியின் மூக்கை மறந்துவிடுகிறார். பூனையைக் கண்டு ஓடும் சிப்பிப்பாறையை ‘அடங்காதது’ என்று ஏசும் குடியிருப்புவாசியும் அவ்வாறே.

டால்ஃபின் பயிற்சியாளராக 1963-இல் ஹவாயில் தொடங்கிய கேரன் பிரையர், 1984-இல் எழுதிய நூலின் மூலம் இம்முறையை நாய் வளர்ப்போரிடம் சேர்த்தார். கடலில் நீந்திச் செல்லும் உயிரின் கழுத்தில் வார் கட்ட இயலாது. வற்புறுத்தல் வழியில்லாத இடத்தில் வளர்ந்ததால்தான் அந்த முறை அவ்வளவு கூர்மை பெற்றது.

இந்தியாவில் இம்மூன்று மரபுகளும் ஆங்கிலத்தின் வழியே வந்ததன் தடயம், வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கிறது. தமிழ் வீட்டிலும் மராத்தி வீட்டிலும் வங்காள வீட்டிலும் நாய்க்குக் கட்டளை ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’. கொஞ்சல் மட்டும் தாய்மொழியில். மொழியியலார் இரட்டை வழக்கு என்பதற்கு இத்தனை தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நாய்க்கு ஒலி குறுகியதாகவும் மாறாததாகவும் இருந்தால் போதும். ‘உட்கார்’ என்பதில் எக்குறையும் இல்லை. வீட்டில் ஒருவர் ‘உட்காரு’, மற்றொருவர் ‘உக்காரு’, பாட்டி ‘உக்காருடா கண்ணு’ என்று சொல்லாதிருக்க வேண்டும், அவ்வளவே.

எந்த வகுப்பைத் தேர்வது என்பதற்கு நேரடியாக உதவும் ஆய்வு ஒன்று 2020-இல் போர்ச்சுகலிலிருந்து வந்தது. வியெய்ரா டி காஸ்ட்ரோ குழுவினர், பரிசுவழிப் பள்ளிகள் மூன்றிலும் வலிவழி முறைகளையும் கையாளும் பள்ளிகள் நான்கிலும் பயின்ற 92 வீட்டு நாய்களை ஒப்பிட்டனர். வலிவழியை மிகுதியாகக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள் வகுப்பில் உதடு நக்குதல், கொட்டாவி முதலிய பதற்றக் குறிகளை அதிகம் காட்டின. வகுப்புக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் கூடியிருந்தது. உணவு இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் என்ற ஐயத்துக்குரிய கிண்ணத்தை நோக்கி அவை தயங்கியே சென்றன. நாய்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தத்தம் உரிமையாளர் தேர்ந்த பள்ளிகளிலேயே பயின்றன. ஆகவே காரணகாரியம் முற்றாக நிறுவப்பட்டது என்று கூற முடியாது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியலார் சங்கம் 2021-இல் எல்லா நாய்களுக்கும் பரிசுவழி முறையையே பரிந்துரைத்ததற்கு இவ்வகைச் சான்றுகள் பல சேர்ந்தே காரணமாயின.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தேவையற்ற வலி தரும் அடியையும் உதையையும் குற்றமாக்கியிருக்கிறது. மூடிய கொட்டிலுக்குள் நடப்பதை அச்சட்டம் காண்பது உரிமையாளரின் கண்வழியாகத்தான். ஆகவே பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறினால் அதன் உடலுக்கு என்ன நேரும்? வகுப்பு முழுவதையும் உரிமையாளர் உடனிருந்து பார்க்கலாமா? மூன்றாவதற்கு ‘கூடாது’ என்று விடை வந்தால் முதல் இரண்டின் விடைகளுக்கு மதிப்பில்லை. ‘ஆல்ஃபா’ என்ற சொல் உரையாடலில் எத்தனையாவது நிமிடத்தில் தலைகாட்டுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றில் பெரும்பாலும் இடம்பெறாத நாய் ஒன்று உண்டு: இந்தியத் தெருநாய். கொல்கத்தாவின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு அவற்றையே ஆராய்ந்து வருகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பல இந்திய நகரங்களில் தனித்துத் திரிந்த 160 நாய்களின் முன், முன்பின் அறியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களுள் ஒன்றைக் கையால் சுட்டினார். ஏறத்தாழப் பாதி நாய்கள் அஞ்சி அருகே வரவில்லை. வந்தவற்றுள் பத்துக்கு எட்டு, சுட்டிய கிண்ணத்துக்கே சென்றன. எந்தப் பள்ளியிலும் பயிலாதவை அவை. அதே குழு 2017-இல் வேறொன்றைச் சோதித்தது. அறிமுகமற்ற மனிதர் சில நாய்களுக்கு மீண்டும் மீண்டும் உணவு அளித்தார். சில நாய்களின் தலையைத் தடவிக் கொடுத்தார். நாள்கள் செல்லச் செல்ல, உணவு பெற்றவற்றைவிடத் தடவப்பட்டவையே அவரிடம் அதிகம் பழகின.